கரிக்கையின் ஐந்து பாட்டில்கள்

என் மச்சினனின் பெயரைச் சொல்லி விசாரித்தால் எங்கள் தெருவில் யாருக்கும் வழி தெரியாது. கரிக்கை வீடு எது என்று கேட்டால் சின்னக் குழந்தைகூடக் கொண்டுவந்து விட்டுவிடும். வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எந்த நாளும் கருப்பு. எவ்வளவு தேய்த்தாலும் நகத்தின் ஓரத்தில் கொஞ்சம் நிற்கும். என் மனைவிக்கு அவன் ஒரே தம்பி. சாப்பிட உட்காரும்போது அவன் விரலைப் பார்த்துவிட்டு, "நீ தண்ணியில கையைக் கழுவினியா, கையால தண்ணியக் கழுவினியா?" என்று அவள் கேட்காத நாள் குறைவு.

கருப்பு வெள்ளைப் படம் அச்சடிப்பது அவன் வேலை. முன்னறை என்னுடைய பிரேம் கடை. மரம் அறுப்பது, கண்ணாடி வெட்டுவது, படத்தை அட்டையில் ஒட்டிச் சட்டத்துக்குள் போடுவது எல்லாம் அங்கே. பின்னறை அவனுடையது. நடுவே ஒரு திரைச்சீலை.

அதற்கு முன்னால் இருபது வருஷம் ஒரு கலர் ஸ்டுடியோவில் இருந்தான். அங்கே ஒரு குழந்தையின் படத்தை, ரோஜா நிறக் கன்னமும் மஞ்சள் சட்டையுமாக, வாசல் கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தான். மூன்று வருஷ வெயிலில் மஞ்சள் போயிற்று, சிவப்பு போயிற்று, குழந்தை நீலமாகிவிட்டது. தினமும் பார்க்கிறவன் கண்ணுக்கு அது தெரியவில்லை. ஒரு நாள் குழந்தையின் அப்பா அந்த வழியாக வந்தவர், நின்று பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விட்டார். "திட்டியிருந்தா தேவலை மாமா" என்று இவன் இன்றைக்கும் சொல்வான்.

அதிலிருந்துதான் வெளுக்காத மை எது என்று தேட ஆரம்பித்தான். கடைசியில் அகப்பட்டது கரி. வெறும் புகைக்கரிதான். அதை மாவைவிட நைசாக அரைத்து, மையாக்கி விற்கிறார்கள். சமையலறைச் சுவரில் படிந்த கரி எந்த வெயிலுக்காவது வெளுத்துப் பார்த்திருக்கிறோமா? கேட்டதும் எனக்கே சரியென்று பட்டது.

எனக்குப் படிப்பு ஐந்தாம் வகுப்போடு சரி. அவன் வேலையை நான் விளங்கிக்கொண்ட அளவுக்குத்தான் சொல்ல முடியும். அவனிடம் இருப்பது எல்லாரும் வைத்திருக்கிற கலர் பிரிண்டர்தான். நீலம், சிவப்பு, மஞ்சள் என்று ஒவ்வொரு மைக்கும் அதில் ஒரு டப்பி உண்டு. இவன் அத்தனையையும் கழுவிவிட்டு, ஒன்றில் அடர் கருப்பு, அடுத்ததில் அதைவிடக் கொஞ்சம் தெளிவு, அடுத்ததில் இன்னும் தெளிவு என்று ஐந்து விதக் கரியை ஊற்றி வைத்திருக்கிறான். கடையில் வாங்குவது கெட்டி மை. நிறமில்லாத ஒரு திரவத்தைச் சேர்த்து ஐந்து பாட்டிலாகப் பிரித்து, ஒன்று முதல் ஐந்து வரை எண் எழுதி ஒட்டுவான். மெஷினுக்கு இது எதுவும் தெரியாது. தான் மஞ்சள் அடிப்பதாக நினைத்துக்கொண்டு வெளிர் சாம்பலை அடித்துக்கொண்டிருக்கும். வாயில்லாததை இப்படி ஏமாற்றலாமா மாப்பிள்ளை என்று நான் ஒரு தரம் கேட்டதற்கு, அது விசாரித்தால் நீங்கள் சொல்லிவிடாதீர்கள் என்றான்.

தலைமுடி, கண்மணி எல்லாம் ஒன்றாம் இரண்டாம் பாட்டில். கன்னமும் நெற்றியும் நாலு, ஐந்து. அவன் அடிக்கும் படத்தில் ஒரு முகத்தைப் பார்த்தால் தொட்டால் சூடு தெரியும்போல இருக்கும். இதை உறவுக்காரன் என்பதற்காகச் சொல்லவில்லை. ஆயிரக்கணக்கில் படங்களுக்குச் சட்டம் போட்டவன் என்ற முறையில் சொல்கிறேன்.

அவனுக்கு இரண்டு வழக்கம் உண்டு. திங்கட்கிழமை தோறும் ஒரு சின்னக் காகிதப் பட்டை அடிப்பான். வெள்ளையில் ஆரம்பித்துக் கருப்பில் முடியும் இருபத்தொரு கட்டம். போன வாரப் பட்டையோடு சேர்த்து வைத்துப் பார்த்து, ஒத்துப்போனால் பழையதைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதியதைச் சுவரில் குத்திவைப்பான். ஒத்துப்போகாத திங்கட்கிழமையை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது வழக்கத்தைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை, என் மனைவியிடம்கூட. காலையில் டப்பிகளில் மை ஊற்றுவதற்கு முன்னால், ஒவ்வொரு பாட்டிலையும் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நிற்பான். உதடு லேசாக அசையும். பாட்டிலுக்கு ஒரு நிமிஷம். திரைச்சீலை இடுக்கு வழியாக அவன் முதுகும் பாதி முகமும்தான் எனக்குத் தெரியும். நான் தினமும் கடை திறந்ததும் கை கூப்பிக் கொஞ்ச நேரம் நிற்கிறவன். அவன் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே உள்ளே போகிறவன். கடவுள் பேச்சை எடுத்தாலே கொட்டாவி விடுவான். அப்படிப்பட்டவன் தொழிலைத் தொடும் முன்பு இப்படி நிற்கிறானே என்று எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு நிறைவு. கேட்டால் கூச்சப்பட்டு விட்டுவிடுவானோ என்று எட்டு வருஷமாகக் கேட்காமலே இருந்தேன்.

இந்த வருஷ ஆரம்பத்தில் மை பாத்திரம் கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்ததில் அவன் வலது தோள் பிசகிவிட்டது. கையை மார்போடு சேர்த்துக் கட்டி, இரண்டு மாதம் அசைக்கக் கூடாது என்றார்கள். கம்ப்யூட்டரை இடது கையால் சமாளித்துக்கொள்வான். மை ஊற்றுவதை நான் ஏற்றுக்கொண்டேன். "நான் செய்யிற மாதிரியே செய்யுங்க மாமா. குலுக்க மட்டும் குலுக்கிடாதீங்க, நுரை கட்டிடும்" என்றான். அவன் செய்கிற மாதிரியே செய்தேன். பாட்டிலை அலுங்காமல் எடுத்து, நெஞ்சோடு வைத்து, கண்ணை மூடி, அவன் தோள் குணமாகவும் வேலை நன்றாக நடக்கவும் வேண்டிக்கொண்டு, நுரை எழும்பாமல் மெதுவாக ஊற்றினேன். இரண்டு மாதத்தில் ஒரு சொட்டு வெளியே சிந்தியதில்லை.

கட்டு அவிழ்க்கப் பத்து நாள் இருக்கும்போது சலவைக்கடை அம்மா வந்தார். அவர் வீட்டுக்காரர் இறந்த சமயம், இஸ்திரி மேஜைக்குப் பின்னால் அவர் நிற்கிற படத்தை மச்சினன்தான் அடித்துக் கொடுத்தான். ஒன்றரை வருஷமாக அது அவர்கள் கடையில் மாட்டியிருக்கிறது. மகளுக்கு வெளியூரில் வேலை கிடைத்திருக்கிறதாம். அவள் கொண்டுபோக அதேபோல இன்னொன்று வேண்டும். அடுத்த வெள்ளிக்கிழமை மதியம் பஸ்.

அதே படம், அதே காகிதம், அதே மெஷின். அடித்து ஒரு நாள் காயவைத்துக் கொடுத்தோம். அந்த அம்மா கையில் வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இவரு யாரு?"

உங்கள் வீட்டுக்காரர்தான் என்றான் மச்சினன்.

"அவருக்குக் காதோரம்தான் நரைச்சிருந்துச்சு. இதுல தலை பூரா நரை. ஏன் தம்பி, போன இடத்துலயும் வயசு ஏறுமா?"

அவர் விளையாட்டாகச் சொன்னாரா வருத்தமாகச் சொன்னாரா என்று எனக்குப் புரியவில்லை. மச்சினன் சிரிக்கவில்லை. நேரே அவர்கள் கடைக்குப் போய்ப் பழைய படத்தைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு வந்துவிட்டான். நான் ஆணியைப் பிடுங்கிப் படத்தை வெளியே எடுத்தேன். இரண்டையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தோம். பழையதில் மனிதர் எதிரே நின்றார். புதியதில் பனிக்குப் பின்னால் நின்றார்.

"கரி வெளுக்காது மாமா" என்றான். சற்று நேரம் கழித்து அதையே மறுபடியும் சொன்னான். யாரோ மறுத்துப் பேசியதுபோல இருந்தது அவன் குரல்.

அன்றைக்கு ஆரம்பித்தது குழப்பம். காகிதத்தில் கோளாறாக இருக்கலாம் என்று புதுக் கட்டைப் பிரித்தான். வெளுப்பாகத்தான் வந்தது. மெஷினின் மூக்கு அடைத்திருக்கிறதா என்று சோதனைக் கோடு போட்டுப் பார்த்தான். ஒரு கோடு விடாமல் விழுந்தது. கம்ப்யூட்டரில் அவன் தொட்டதை எல்லாம் பழையபடி வைத்துப் பார்த்தான். மெஷின் ஒருவேளை சூதைக் கண்டுபிடித்துவிட்டதோ என்றுகூட எனக்குத் தோன்றியது, சொல்லவில்லை. திங்கட்கிழமைப் பட்டையைப் போன வாரப் பட்டையோடு வைத்தான். கட்டத்துக்குக் கட்டம் ஒத்துப்போயிற்று. பட்டை சரி, படம் தப்பு. இது எப்படி முடியும்?

பழைய படம்தான் ஏதோ காரணத்தால் கருத்துவிட்டது, சலவைக்கடை நீராவி ஏறியிருக்கும் என்று நான் சொன்னேன். கண்ணாடிக்குள் நீராவி எப்படிப் போகும், சட்டம் போட்டது நீங்கள்தானே என்றான். என் மனைவி வந்து பார்த்துவிட்டுப் புதியதுதான் லட்சணமாக இருக்கிறது, பழையதில் அந்த மனுஷர் கடன் கேட்க வந்தவர்போல முறைக்கிறார் என்றாள். சாயந்திரம் மறுபடி பார்த்தபோது அவளே மாற்றிச் சொன்னாள். எனக்கோ காலையில் வித்தியாசம் தெரியும், மத்தியானத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். பார்த்துப் பார்த்து, கருப்பு என்றால் என்ன என்பதே மறந்துபோயிற்று.

அப்போதுதான் அவனுக்குத் தன் கண்ணின் மேல் சந்தேகம் வந்தது. இரண்டு மாதமாகப் படம் வெளுத்தே போயிருக்க வேண்டும், தினமும் பார்த்த எனக்குத் தெரியவில்லையே என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்தான். நீலமான குழந்தையை நினைத்திருப்பான். கண் டாக்டரிடம் அழைத்துப் போனேன். எழுத்து வரிசையைக் கடைசி வரைக்கும் படித்தான். டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்து, கண் பிரமாதமாக இருக்கிறது, எதற்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

வெளியே வந்ததும் நான் கடவுளுக்கு நன்றி சொன்னேன். அவன் முகம் விழுந்துவிட்டது. "கண்ணு நல்லா இருந்தா இன்னும் மோசம் மாமா. அப்ப கோளாறு உள்ளாற" என்று நெற்றியைத் தொட்டுக் காட்டினான்.

அவன் அக்காவிடம் சொல்லாமல் பழைய ஸ்டுடியோ முதலாளிக்குப் போன் செய்திருக்கிறான். பாஸ்போர்ட் போட்டோ எடுக்கிற இடத்தில் ஆள் வேண்டும் என்று அவர் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். வெள்ளிக்கிழமைக்குள் அந்த அம்மாவுக்குச் சரியான படம் கொடுக்க முடியாவிட்டால் பின்னறையைக் காலி செய்துவிட்டு அங்கே போய்விடுவதாக முடிவு செய்திருந்தான். இருட்டு எது வெளிச்சம் எது என்று தெரியாதவன் இந்தத் தொழிலில் இருந்தால் ஊரை ஏமாற்றுகிறவன் ஆவான் என்றான். மெஷினை யாருக்குக் கொடுப்பது என்றுகூட யோசித்து வைத்திருந்தான். என் மனைவி, "பாஸ்போர்ட் போட்டோவா? உன் கையைப் பாத்தா வர்றவன் பயணத்தையே நிறுத்திடுவான்டா" என்றாள். சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய் வெகுநேரம் வரவில்லை.

புதன்கிழமை காலை. அவன் எழுந்து வரவில்லை. நான் வழக்கம்போலக் கடை திறந்து, கை கூப்பி, எனக்கு விளங்காததை எல்லாம் சொல்லி அழுதேன். எது கருப்பு என்று ஒருவனுக்கு மட்டும் தெரிந்தால் போதும், அவனுக்குக் காட்டிவிடு என்று கேட்டுக்கொண்டேன். பிறகு பின்னறைக்குப் போய் மூன்றாம் பாட்டிலை எடுத்தேன். அதில் கடைசிக் கொஞ்சம்தான் இருந்தது. முழுசும் ஊற்றிவிடலாம் என்று சாய்த்தேன். வந்தது மையாக இல்லை. கழுவின தண்ணீர்போல ஏதோ வந்தது. பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். அடியில் இரண்டு விரல் உயரத்துக்குக் கருப்பாக வண்டல். தட்டினேன், அசையவில்லை. மற்ற பாட்டில்களைக் கவிழ்த்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அடியில் அதே வண்டல்.

மை கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். நான் தொட்டதால் கெட்டதோ என்ற பயம் வேறு. பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் அவன் கட்டில் பக்கத்தில் நின்று, மன்னித்துக்கொள் மாப்பிள்ளை என்றேன். அவன் படுத்தபடியே வாங்கிப் பார்த்தான். எழுந்து உட்கார்ந்தான்.

"மாமா, ஊத்தறதுக்கு முன்னாடி என்ன செய்வீங்க?"

"நீ செய்யறதுதான்."

"நான் என்ன செய்வேன்?"

"வேண்டிக்குவ. பாட்டில நெஞ்சுல வச்சு, கண்ண மூடி. நானும் ஆடாம அசையாம வச்சுக்கிட்டு வேண்டிக்கிட்டேன், ஒரு நாள் விடல."

அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். கோபமா, சிரிப்பா, எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"நான் எங்க மாமா வேண்டிக்கிட்டேன்? உருட்டினேன். ரெண்டு உள்ளங்கையிலயும் வச்சு மெதுவா உருட்டுவேன். கரி அடியில போய் உக்காந்துக்கும். குலுக்கினா நுரை கட்டும். அதனால உருட்டணும்."

"உதடு அசையுமே?"

"அறுபது எண்ணுவேன்."

என் கண்ணுக்குத் தெரிந்தது அவன் முதுகும் மூடிய கண்ணும்தான். உள்ளங்கைக்குள் பாட்டில் சுற்றியது தெரியவில்லை. இரண்டு மாதமாக நான் மேலே தெளிந்து நின்ற தண்ணியை மட்டும் பார்த்துப் பார்த்து ஊற்றியிருக்கிறேன். கரி எல்லாம் பத்திரமாக அடியில் தங்கிவிட்டது. ஒரே நாளில் வெளுத்திருந்தால் அவன் பிடித்திருப்பான். நாளுக்கு நாள் இம்மி இம்மியாக வெளுத்தது. திங்கட்கிழமைப் பட்டையும் கூடவே வெளுத்துக்கொண்டு வந்தது. போன வாரத்து வெளுப்போடு இந்த வாரத்து வெளுப்பு ஒத்துப்போகாமல் என்ன செய்யும்?

அவன் சிரிக்க ஆரம்பித்தான். கட்டுப்போட்ட தோள் வலிக்க வலிக்கச் சிரித்தான். சத்தம் கேட்டு வந்த என் மனைவிக்கு விஷயத்தைச் சொன்னதும் அவள் என்னைப் பார்த்து, "ஏங்க, எட்டு வருஷத்துல ஒரு நாள் வாயத் தொறந்து கேட்டிருக்கலாமே?" என்றாள். நியாயமான கேள்விதான்.

எனக்கு வருத்தம் வேறு இடத்தில் இருந்தது. இத்தனை வருஷம் என் பிரார்த்தனையில் அவனுக்காக நான் வாதாடியிருக்கிறேன். அவன் வெளியேதான் கேலி செய்வான், உள்ளே பக்தி உண்டு, நானே கண்ணால் பார்த்தேன் என்று ஆண்டவனிடம் சாட்சி சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் என்ன ஆவது? அறுபது எண்ணியதை ஜெபம் என்று சொன்னது பொய் ஆகுமா, தெரியாமல் சொன்னது என்று விட்டுவிடுவாரா? இன்னும் எனக்குத் தெளியவில்லை. மை விஷயத்தில் கடவுள் மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. வண்டலைக் கலக்கிவிடச் சொல்லி நான் கேட்கவே இல்லையே.

அன்றைக்கே வேலையில் இறங்கினோம். வண்டலான மையை எல்லாம் கொட்டிவிட்டு, கெட்டி மையைப் புதிதாகக் கலந்து ஐந்து பாட்டில் நிரப்பினோம். அவன் முக்காலியில் உட்கார்ந்து எண்ண, நான் உருட்டினேன். அறுபது வரும்போது என் உள்ளங்கை சூடேறியிருந்தது. டப்பிகளைக் கழுவி நிரப்பி, மெஷினுக்குள் நின்ற பழைய மை வெளியேறும் மட்டும் வெறும் காகிதத்தில் ஓட்டினோம். அந்த இரண்டு மாதத்தில் படம் வாங்கிப்போனவர்களுக்கு எல்லாம், கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம் என்று ஆள் ஆளாகச் சொல்லி அனுப்பினான். சிலருக்கு ஏன் என்றே புரியவில்லை. நன்றாகத்தானே இருக்கிறது என்றார்கள். அது அவனைக் கொஞ்சம் புண்படுத்தியது.

புதன் சாயந்திரம் அடித்த படத்தை வெள்ளி காலை வரைக்கும் காயவிட்டான். நடுவில் என்னைத் தொட விடவில்லை, தானும் பார்க்கவில்லை. கலங்கியவன் கலங்கியபடியேதான் இருந்தான். காரணம் தெரிந்துவிட்டது, கண் திரும்பிவிட்டதா என்று தெரியவில்லையே மாமா என்றான். ஸ்டுடியோ முதலாளியிடம் தான் வரவில்லை என்று இன்னும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை பத்து மணிக்குச் சலவைக்கடை அம்மாவும் மகளும் வந்தார்கள். மகள் முதுகில் பை. மச்சினன் இரண்டு படத்தையும் ஜன்னலோர மேஜையில் இடது கையால் வைத்தான். பிறகு எல்லோரையும் ஒரு நிமிஷம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, தானும் கண்ணை மூடிக்கொண்டு, இரண்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்தான். எத்தனை தடவை என்று அவனுக்கே கணக்கில்லை. உங்கள் கடையில் மாட்டியிருந்தது எது என்று கேட்டான்.

அந்த அம்மா யோசிக்காமல் இடது பக்கப் படத்தைத் தொட்டார். மகள் இல்லையம்மா, இதுதான் என்று வலது பக்கத்தைத் தொட்டாள். இருவருக்கும் சின்ன வாக்குவாதம். ஒன்றரை வருஷம் தினம் பார்த்த முகம் எனக்குத் தெரியாதா என்றார் தாய். எனக்கு அவர் அப்பா இல்லையா என்றாள் மகள். பிறகு இருவரும் மச்சினனைப் பார்த்தார்கள்.

அவன் குனிந்தான். மூக்கு காகிதத்தில் இடிக்கிற அளவுக்குக் குனிந்து, இடது பக்கத்தில் அந்த மனிதரின் காதோரத்தைப் பார்த்தான், வலது பக்கத்தில் பார்த்தான். மறுபடி இடது. ஜன்னல் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவிட்டுப் பார்த்தான். நிமிர்ந்தான்.

"எனக்குத் தெரியல" என்றான்.

சில நாள் முன்பு இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் போய்ப் படுத்தவன், இப்போது வாய் நிறைய அதைச் சொன்னான். எனக்குத் தெரிந்துகொள்ள வழி இருந்தது. பழைய படத்தின் முதுகில் நான் ஒட்டியிருந்த டேப்பின் தடம் இருக்கும். திருப்பிப் பார்த்தால் முடிந்தது. கையை நீட்டினேன். அவன் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"திருப்பாதீங்க மாமா. கொஞ்ச நேரம் தெரியாமலே இருக்கட்டும்."

மேஜையைச் சுற்றி நாங்கள் நான்கு பேரும் நின்றோம். இரண்டு படத்திலிருந்தும் அந்த மனிதர் ஒரே மாதிரி எங்களைப் பார்த்தார், காதோரம் மட்டும் நரைத்து. சலவைக்கடை அம்மாதான் முதலில் அசைந்தார்.

"எதையாவது ஒண்ணக் குடுங்கப்பா. இவளுக்கு பஸ் போயிடும்" என்றார்.